2024: எனக்குப் பிடித்த படங்கள், ஒரு தொடர், கொஞ்சம் புலம்பல்

வருஷக் கடைசி வந்தால் ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். நானும் போட்டுவிடுகிறேன். டாப் டென் எல்லாம் இல்லை. யோசித்துப் பார்த்தால், இந்த வருஷம் எனக்குப் பிடித்ததெல்லாம் கையில் இருக்கிற எதையோ வேண்டாமென்று ஒதுக்கிவைத்த படங்கள். ஒருவர் இசையை, ஒருவர் வண்ணத்தை, ஒருவர் வில்லனை. இந்தியன் 2, கங்குவா என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொட்டிய படங்கள் வந்த அதே வருஷத்தில்! கங்குவா வந்த வாரம் கதையைவிட அதன் இரைச்சலைப் பற்றிய பேச்சுதான் அதிகம்.

சந்தேகமே இல்லாமல் முதலிடம் கொட்டுக்காளிக்கு. 'கூழாங்கல்' எடுத்த பி.எஸ்.வினோத்ராஜின் இரண்டாவது படம். மீனாவுக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று, அவளைக் கட்டிக்கொள்ளப்போகிற பாண்டியும் சொந்தக்காரர்களும் அவளைச் சாமியாரிடம் ஆட்டோவில் கூட்டிப்போகிறார்கள். பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ எஞ்சின், சேவலின் படபடப்பு, தொண்டை கட்டிப்போன பாண்டியின் கரகரப்பு, அவ்வளவுதான். கழுத்தில் சுண்ணாம்பைத் தடவிக்கொண்டு பாண்டியாக வருகிறார் சூரி. உள்ளே அத்தனை ஆத்திரம், கத்தக் குரல் வரவில்லை. குரல் வராத ஆத்திரம் கைக்கு இறங்கும்போது நமக்குத் தூக்கிவாரிப்போடுகிறது. அன்னா பென்னின் மீனாவோ கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை.

வழியில் ஒரு காளை மறித்துக்கொண்டு நிற்கும். அதுவரை விறைப்பாக வந்த ஆம்பளைகள் எல்லாரும் பம்முவார்கள். ஒரு சின்னப் பெண் வந்து அதைச் சர்வசாதாரணமாக ஓட்டிக்கொண்டு போவாள். சிரித்துவிட்டேன். ஆட்டோவுக்குள் உட்கார்ந்திருக்கிற மீனா என்ன நினைத்திருப்பாள் என்பது அப்புறம்தான் உறைத்தது. பின்னணி இசை இருந்திருந்தால் எந்த இடத்தில் சிரிக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அதுவே சொல்லிக்கொடுத்திருக்கும்.

பெர்லின் விழாவுக்குப் போன இந்தப் படத்தைத் தியேட்டருக்குக் கொண்டுவந்திருக்கவே கூடாது என்று திரைத்துறைக்குள்ளிருந்தே குரல் வந்தது. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. இந்த மாதிரிப் படத்துக்குத்தான் இருட்டும் நல்ல ஸ்பீக்கரும் வேண்டும். போனில் பார்த்தால் பத்தாவது நிமிஷமே கட்டைவிரல் வேறெங்காவது போய்விடும்.

மெய்யழகன். இயக்குநர் பிரேம்குமார் வில்லனையே வைக்கவில்லை. சொத்துத் தகராறில் ஊரைவிட்டுப் போனவன் ஒரு கல்யாணத்துக்குத் திரும்பி வருகிறான், ராத்திரி முழுக்கப் பேசுகிறான், விடிவதற்குள் கிளம்பிவிடுகிறான். உருகி உருகிக் கவனிக்கிற ஒருத்தனின் பெயர் ஞாபகத்தில் இல்லை என்கிற கூச்சம் ஒன்றை வைத்துக்கொண்டே படம் நகர்கிறது. அரவிந்த்சாமிக்கு இதைவிட நல்ல பாத்திரம் சமீபத்தில் அமைந்ததாக நினைவில்லை. கல்யாண மேடையில் தங்கை பரிசைப் பிரித்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொள்ளும் இடத்தில் என்னால் முடியவில்லை, அழுதுவிட்டேன். நீளம் என்று புகார் வந்ததால் சில நாளிலேயே சுமார் 18 நிமிஷத்தை வெட்டினார்கள். வளவளவென்று பேசுவதுதானே ஐயா அந்தப் படமே?

லப்பர் பந்து பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், சுருக்கமாக முடிக்கிறேன். மாமனார், மருமகன், நடுவே ஒரு ரப்பர் பந்து. விஜயகாந்த் மறைந்து ஒன்பது மாதம்கூட ஆகாத நேரத்தில் அவருடைய 'பொட்டு வச்ச தங்கக்குடம்' பாட்டோடு தினேஷ் மட்டையைத் தூக்கிக்கொண்டு வருவது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கணவன் ஆடுகிற மைதானத்தை டிராக்டர் ஏற்றி உழுகிற சுவாசிகா. என் ஓட்டு டிராக்டருக்குத்தான்.

வண்ணத்தை ஒதுக்கியது மலையாளப் படமான பிரமயுகம். கருப்பு வெள்ளையில், ஒரு பாழடைந்த வீட்டுக்குள், விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களை வைத்துக்கொண்டு ராகுல் சதாசிவன் பயமுறுத்துகிறார். மம்மூட்டி இறைச்சியைப் பிய்த்துத் தின்கிற காட்சி ஒன்று போதும். அதில் நிறம் இருந்திருந்தால் வெறும் அருவருப்பாகப் போயிருக்கும்.

தொடர்களில் ஒன்றே ஒன்று. நெட்ஃபிளிக்ஸில் எட்டுப் பகுதிகளாக வந்த ரிப்ளி. இதுவும் கருப்பு வெள்ளைதான், தற்செயல். மூன்றாவது பகுதியில் படகில் ஒரு கொலை நடக்கிறது. நான் சொல்ல வருவது கொலையை அல்ல, அதற்குப் பிறகு வருவதை. உடலை அப்புறப்படுத்த, படகை ஒழிக்க அந்த ஆள் படுகிற பாடு நிமிஷக்கணக்கில் ஓடுகிறது, பேச்சே இல்லை. கொலைகாரன் தண்ணீரில் தத்தளிக்கும்போது, பாவம், பிழைத்துக்கொள்ளட்டும் என்று மனசு அடித்துக்கொள்கிறது. ஆண்ட்ரூ ஸ்காட் முகத்தை அசைக்காமலேயே நம்மை அவன் கட்சிக்கு இழுத்துவிடுகிறார். வெட்கக்கேடு!

மகாராஜாவை ஏன் விட்டாய் என்று கேட்பீர்கள். விஜய் சேதுபதி பிரமாதம், குப்பைத்தொட்டியைத் தேடும் போலீஸ் ஸ்டேஷன் காட்சிகளும் பிரமாதம். ஆனால் ஒரு சிறுமிக்கு நேர்ந்த கொடுமையைக் கடைசித் திருப்பத்துக்காகப் பொத்திவைத்து எடுத்துக்காட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கதையை வரிசையாகச் சொல்லியிருந்தால் அந்த அதிர்ச்சி இருந்திருக்காது, படம் இதைவிட நேர்மையாக இருந்திருக்கும். திரைக்கதையின் கெட்டிக்காரத்தனத்தைப் பாராட்டுகிறவர்களோடு சண்டைக்கு வரவில்லை. இரண்டாவது முறை பார்க்க மட்டும் கூப்பிடாதீர்கள்.