அண்ணனைக் கொன்றது பிரியாணி இல்லை

அண்ணன் போய் ஆறு வருஷம் ஆகிறது. 43 வயது, தூக்கத்திலேயே மாரடைப்பு. சாவு வீட்டில் பெரியவர்கள் பேசிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது: "மட்டன் பிரியாணி, பன்னி சௌ, அவன் என்னைக்கு வாயைக் கட்டினான்?" (பன்னி சௌ என்பது ரொட்டியைக் குடைந்து உள்ளே கறிக்குழம்பு ஊற்றித் தரும் எங்கள் தென்னாப்பிரிக்கச் சாப்பாடு.) அண்ணி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். தினமும் சமைத்துப் போட்டவர் அவர்தானே, அந்தப் பேச்சு அவர்மேலும்தான் விழுந்தது. அன்றைக்கு நானும் வாயைத் திறக்கவில்லை, ஏனென்றால் நானும் அப்படித்தான் நம்பினேன். அது தப்பு என்று எழுதத்தான் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளும்.

தைப்பூசத்துக்கு அண்ணன் காவடி எடுப்பார், நான் தண்ணீர்ச் செம்போடு பின்னால் போவேன். வெறுங்காலோடு முன்னால் நடக்கும் அந்தக் கால்களை எத்தனை வருஷம் பார்த்திருப்பேன்! குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாண் அவருக்கு விரல் தடிமனுக்குப் புடைத்திருக்கும், அழுத்தினால் கெட்டியாக, முடிச்சு முடிச்சாக இருக்கும். வேலைக்குப் போடும் பூட்ஸ் உரசிக் காய்த்துப்போச்சு என்று அம்மா நல்லெண்ணெய் போட்டு நீவிவிடுவார். அப்புறம் கருவிழியைச் சுற்றி ஒரு வெளிறிய வளையம், 35 வயதிலேயே. ரெண்டுமே கொலஸ்ட்ரால் படிந்த அடையாளம். அவரைப் பார்த்த டாக்டர்கள் ஒருவர்கூடக் குனிந்து காலைப் பார்க்கவில்லை, சாப்பாட்டைக் குறைங்க என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ரெண்டு வருஷம் முன்னால் அவர் மகனுக்கு 17 வயதில் ரத்தம் எடுத்துப் பார்த்தோம். எல்டிஎல் என்கிற கெட்ட கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 6.9 மில்லிமோல். 3-க்குக் கீழே இருந்தால் நல்லது. பையன் ஒல்லி, கால்பந்து ஆடுகிறவன், அப்பா போனதிலிருந்து கறி தொடுவதே இல்லை. இப்போது சொல்லுங்கள், எந்தப் பிரியாணியைக் குறை சொல்வீர்கள்?

இது பரம்பரைக் கொலஸ்ட்ரால், குடும்பத்தில் வரும் மரபணுப் பிழை. ஈரல் செல்லின் மேல் எல்டிஎல் ஏற்பி என்று ஒரு புரதம் இருக்கிறது, ரத்தத்தில் போகும் கொலஸ்ட்ரால் துகளைப் பிடித்து உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு, பத்து நிமிஷத்தில் மறுபடி மேலே வந்து அடுத்ததைப் பிடிக்கும். இதைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985-ல் நோபல் கொடுத்தார்கள். அந்த ஏற்பிக்கான மரபணு அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று வருகிறது. அதில் ஒன்று கெட்டிருந்தால் பிடிக்கிற கை பாதிதான், பிறந்த நாளிலிருந்தே ரத்தத்தில் கொலஸ்ட்ரால் தேங்குகிறது. அந்தக் கெட்ட மரபணு ஒவ்வொரு பிள்ளைக்கும் வர 50 சதவீத வாய்ப்பு. உலகத்தில் ஏறக்குறைய 250 பேரில் ஒருவருக்கு இருக்கிறது, நம் தென்னாப்பிரிக்காவில் ஆப்பிரிக்கானர்களிடம் (டச்சு வழி வந்த வெள்ளையர்கள்) 80 பேரில் ஒருவருக்கு, கேப் பகுதிக்கு முதலில் வந்த சில குடும்பங்களிலிருந்து பரவியது என்பதால். நம் இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலும் இருக்கிறது என்று இங்குள்ள ஆய்வாளர்கள் 1990-களிலேயே எழுதி வைத்துவிட்டார்கள். எந்தக் கோயில் கூட்டத்திலாவது, எந்தக் கல்யாண வீட்டிலாவது இதைப் பற்றி யாராவது பேசி நீங்கள் கேட்டதுண்டா?

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பிசிஎஸ்கே9 என்று இன்னொரு புரதம், ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு அதை மேலே திரும்ப விடாமல் செல்லுக்குள்ளேயே அழித்துவிடும். அமெரிக்காவில் கறுப்பின மக்களில் 2.6 சதவீதம் பேருக்கு இந்தப் புரதத்துக்கான மரபணுவின் ஒரு பிரதி பிறவியிலேயே வேலை செய்யவில்லை, அவர்களுக்கு எல்டிஎல் 28 சதவீதம் குறைவு, இதய நோய் 88 சதவீதம் குறைவு என்று 2006-ல் ஓர் ஆய்வு வந்தது. அடுத்த வருஷம் பக்கத்து நாடான ஜிம்பாப்வேயில், கர்ப்பிணிகள் கிளினிக்குக்கு வந்த பெண்களிடையே ஓர் இளம்பெண்ணுக்கு ரெண்டு பிரதியுமே வேலை செய்யவில்லை என்று தெரிந்தது. எல்டிஎல் வெறும் 0.4, ஆள் நல்ல ஆரோக்கியம்! அதாவது இந்தப் புரதமே இல்லாமலும் மனுஷன் நன்றாக வாழலாம் என்பதை ஆப்பிரிக்க ரத்தம் காட்டிக் கொடுத்தது. அந்த நம்பிக்கையில்தான் மருந்துகள் வேகமாக வந்தன. 2015-ல் அதைத் தடுக்கும் ஆன்டிபாடி ஊசிகள் வந்தன. பிறகு இன்க்ளிசிரான், இது அந்தப் புரதத்தைச் செய்யச் சொல்லி செல்லுக்குள் போகும் செய்தி ஆர்என்ஏவையே ஈரலுக்குள் வெட்டிவிடுகிறது, ஆரம்ப ஊசிகளுக்கு அப்புறம் வருஷத்துக்கு ரெண்டே ஊசி, எல்டிஎல் பாதியாகிறது. எங்கள் வீட்டுப் பையனுக்கு இருப்பது போன்ற பரம்பரைக் கொலஸ்ட்ராலில் இதைச் சோதித்த பெரிய ஆய்வை 2020-ல் வெளியிட்டது ஜோஹன்னஸ்பர்க்கைச் சேர்ந்த பேராசிரியர் ஃபிரெடரிக் ரால் தலைமையிலான குழு. தென்னாப்பிரிக்க நோயாளிகளும் அதில் கையை நீட்டினார்கள்.

சரி, அந்த ஊசி எங்கே? பையன் போகும் அரசு கிளினிக்கில் பெயரைச் சொன்னதும் நர்ஸம்மா, "அதெல்லாம் பெரிய மெடிக்கல் எய்ட் இருக்கிறவங்களுக்கு, தம்பி" என்றார், அதாவது தனியார் மருத்துவக் காப்பீடு. அவர்மேல் எனக்குக் கோபமில்லை, இருப்பதைத்தான் சொன்னார். ஆனால் துப்பு கிடைத்தது ஆப்பிரிக்க ரத்தத்தில், சோதித்தது நம் உடம்பிலும், பலன் மட்டும் காசுள்ளவர்களுக்கு என்றால் அது அநியாயம். அரசாங்கம் விலை பேசியே ஆகவேண்டும், நாமும் கேட்டே ஆகவேண்டும்.

அதுவரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஸ்டாட்டின் மாத்திரை இன்று மலிவு, அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கிறது, ஈரலில் ஏற்பிகளைக் கூட்டிவிடும். பையன் அதோடு எசெட்டிமைப் என்ற இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டு 3.1-க்கு வந்துவிட்டான். அண்ணனுக்கு 20 வயதில் யாராவது இதைக் கொடுத்திருந்தால் போன தைப்பூசத்துக்கும் நான் அவர் பின்னால் நடந்திருப்பேன். ஆகவே சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மரிட்ஸ்பர்க் சொந்தங்களே, உங்கள் குடும்பத்தில் ஐம்பதுக்குள் யாராவது மாரடைப்பில் போயிருந்தால், அவர் என்ன தின்றார் என்று பேசுவதை விட்டுவிட்டு அவர் பிள்ளைகளையும் கூடப் பிறந்தவர்களையும் ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போங்கள். சின்னப் பிள்ளைகளையும்தான், ஐந்து வயதிலிருந்தே பார்க்கலாம்.

நானும் பார்த்துக்கொண்டேன், எனக்கு இல்லை. அண்ணனின் சின்னவளுக்கு 11 வயது, ஊசி என்றாலே கட்டிலுக்கடியில் ஒளிவாள். போன வாரம் அண்ணியும் நானும் கூட்டிப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தோம். கார் பின்சீட்டில் செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தடவிப் பார்த்துக்கொண்டே, "சித்தப்பா, எனக்கும் அப்பா மாதிரி இருக்கா?" என்றாள். ரிசல்ட் வெள்ளிக்கிழமை வரும்.