வீட்டுக்குள் ஒதுங்கிய கம்பு ஊருக்குத் திரும்புவதில் என்ன தவறு?

அயர்லாந்தின் மரபுவழிக் கம்புச் சண்டையான பட்டராக்டைப் பயில்கிறேன் என்று சொன்னால், அக்கலையை ஓரளவு அறிந்தவர்கள்கூட, தந்தை மகனுக்கு மட்டும் சொல்லித்தந்த குடும்பச் சொத்தை வெளியாருக்குக் கற்பிப்பது முறையா என்று கேட்கிறார்கள். முறைதான் என்பது என் கருத்து. குடும்பம் அக்கலையின் பிறப்பிடம் அன்று. வேறு போக்கிடம் இல்லாதபோது அது ஒதுங்கிய இடம்.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியிலும் சந்தைகளிலும் புனிதர் திருநாள்களிலும் குதிரைப் பந்தயத் திடல்களிலும் நூற்றுக்கணக்கானோர் இரு அணிகளாகத் திரண்டு, பட்டப்பகலில், ஊரே பார்க்கக் கம்புகளோடு மோதிக்கொண்டார்கள். மேலங்கியைத் தரையில் இழுத்துக்கொண்டு நடந்து, முடிந்தால் இதை மிதித்துப் பார் என்று எதிரணியைச் சீண்டுவது சண்டைக்கு விடுக்கும் அழைப்பாக இருந்தது. சிறுவர்கள் தந்தையிடமும் மாமனிடமும் மட்டும் கற்கவில்லை. கம்பு வீச்சைச் சொல்லித்தரும் ஆசான்களும் அன்று இருந்தார்கள்.

அந்தப் பொதுவெளி பல பக்கங்களிலிருந்தும் சுருங்கியது. பாதிரிமார் கண்டித்தார்கள், காவல்துறை வலுப்பெற்றது, கத்தோலிக்கர் உரிமைக்காகப் போராடிய டேனியல் ஓ'கானலின் இயக்கம் 1828இல் அயர்லாந்தின் டிப்பரேரிப் பகுதியில் இருந்த பகை அணிகளைச் சமரசத்துக்குக் கொண்டுவந்தது. 1845இல் தொடங்கிய பெரும்பஞ்சம் ஏறத்தாழப் பத்து லட்சம் பேரைப் பலிகொண்டு, அதற்கும் மேற்பட்டவர்களைக் கப்பலேற்றியது. திடலில் ஆட இடமில்லாமல் போன கம்பு, சில வீடுகளின் நினைவில் மட்டும் தங்கியது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் குடியேறிய டாயில் குடும்பம் அத்தகைய ஒன்று. அவர்களுடைய முன்னோர் ஒருவர் குத்துச்சண்டையின் கால்நகர்வைக் கம்போடு இணைத்து, இரு கைகளாலும் பிடித்து ஆடும் பாணியை உருவாக்கினார் என்பது அக்குடும்பத்தார் சொல்லும் வரலாறு. தலைமுறைகளாக வெளியாருக்குத் தராத அந்தப் பாணியை, 1990களின் பிற்பகுதியில், தம் தந்தையின் இசைவைப் பெற்று, கிளென் டாயில் பொதுவில் கற்பிக்கத் தொடங்கினார். மரபு கெட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: காப்பாற்றியதாகச் சொல்லப்படும் அதே குடும்பம்தான் அதை மாற்றியும் அமைத்தது. மாறாத வடிவம் ஒன்று எந்த வீட்டிலும் பூட்டிக் கிடக்கவில்லை.

பரவலாக அறியப்பட்ட ஒற்றைக் கைப் பாணியில், கம்பின் அடிநுனியைப் பிடிப்பதில்லை. கீழிருந்து ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் பிடிக்க வேண்டும். பிடிக்குக் கீழே நீளும் பகுதி முழங்கையை ஒட்டி நின்று அடியைத் தாங்கும்; எதிராளி நெருங்கிவிட்டால் அதுவே குத்தவும் உதவும். புதிதாக வருபவரின் கை தானாகவே அடிநுனிக்குச் சரியும், அப்படிச் சரிந்த மறுகணமே முழங்கையில் அடி விழும். (எந்த விளக்கத்தையும்விட அந்த அடி விரைவாகப் புரியவைக்கும் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.) கம்பும் எளிதில் அமைவதில்லை. கரிய முள்மரத்தை வேரின் திரட்சியோடு வெட்டி, பட்டையை உரிக்காமல், வெண்ணெயோ கொழுப்போ தடவி, புகைபோக்கிக்குள் மாதக்கணக்கில் வைத்துப் பதப்படுத்துவது பழைய வழக்கம். ஷிலேலி எனப்படும் இந்தக் கம்பின் கறுப்பில் அடுப்புப் புகைக்கும் பங்குண்டு.

இக்கலையை வெளியே கொண்டுவருபவர்களிடம் எனக்குள்ள மனக்குறை வேறு. விளம்பரங்களில் இக்கலை பெரும்பாலும் வீரமும் வேடிக்கையுமாகவே வருகிறது. 1834 ஜூன் 24 அன்று கெர்ரிப் பகுதியின் பாலியே கடற்கரையில் குதிரைப் பந்தயத்தின்போது நடந்த மோதலில், தோற்றோடிய அணியினர் பலர் ஆற்றைக் கடக்க முயன்று மூழ்கி இறந்தார்கள். நீரில் தத்தளித்தவர்களையும் எதிரணி விடவில்லை. இதைச் சொல்லாமல் அடிமுறையை மட்டும் சொல்லித்தருவது அரைகுறைக் கல்வி. அதேபோல, தாம் யாரிடம் கற்றார், எது குடும்பத்திலிருந்து வந்தது, எதைப் பழைய படங்களையும் குறிப்புகளையும் பார்த்துத் தாமே நிரப்பினார் என்பதை ஆசான் பிரித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் ஆசான் எந்த நாட்டவராக இருந்தாலும், அவரிடம் அயர்லாந்துக்காரர்களே கற்றுக்கொள்வதில் எனக்குக் குறையொன்றும் தெரியவில்லை.