உலர் உணவுப் பொதியும் 1617இல் எழுதிய ஒழுங்கும்

1617 ஆவணியில், பிரான்சின் ஷாத்தியோன் என்ற சிற்றூரில், ஒரு வீட்டில் எல்லாரும் நோயோடு கிடக்கிறார்கள் என்று பங்குத்தந்தை வின்சென்ட் டி போல் ஞாயிறு பூசையில் சொன்னார். பின்னேரமே ஊர்ச்சனம் சாப்பாட்டோடு அங்கே திரண்டது. அவ்வளவும் அந்த வீட்டுக்கு ஒரு நாளில் செல்லாது. மிச்சம் பழுதாகும், பிறகு பட்டினி. இரக்கம் நிறைய இருந்தும் ஒழுங்கு இல்லை என்று கண்டவர், சில நாளிலேயே பெண்களைக் கூட்டி, ஆளுக்கொரு நாள் முறைவைத்துச் சமைத்துக் கொண்டுபோக விதி எழுதினார். துணைக்கு ஆள் உள்ள நோயாளியை முதலில் பார், தனியாக இருப்பவரைக் கடைசியில் பார், அப்போதுதான் அவரோடு கூடுதல் நேரம் இருக்கலாம் என்றும் அதே ஆண்டில் பிறகு அவர் விரிவாக எழுதிய விதியில் இருக்கிறது. எவ்வளவு யோசித்திருக்கிறார், பாருங்கள்!

1633இல் லூயிஸ் டி மரியாக் என்ற பெண்ணோடு சேர்ந்து அவர் தொடங்கிய அன்பின் புதல்வியர் என்ற சகோதரிகள் சபை இதைப் பாரிஸ் தெருக்களுக்குக் கொண்டுபோனது. 1833இல் ஓசானாம் என்ற 20 வயது மாணவரும் நண்பர்களும் வின்சென்ட் டி போல் சபை என்ற உதவி அமைப்பைத் தொடங்கியபோது, பாரிஸின் மூஃப்தார் பகுதியில் ஏழைகளை வீடுவீடாக அறிந்திருந்த அதே புதல்வியர் சபையின் சகோதரி ரோசலிதான் குடும்பங்களைக் காட்டி, பாண் வாங்கும் சீட்டும் கொடுத்து அனுப்பினார். இருவர் இருவராக, வீட்டுக்கே போவது அந்த மாணவர்களின் வழக்கம். 1869இல் லண்டனில் எழுந்த தர்ம ஒழுங்கமைப்புச் சங்கமும் வீடு வீடாகப் போனது. ஆனால் உதவிக்கு 'தகுதியானவர்' யார் என்று துருவி விசாரிக்கவே போனது. ஏழைகள் அதை வெறுத்ததில் வியப்பில்லை.

யாழ்ப்பாணக் கரையோரத்தில் எங்கள் குருநகர், பாசையூர், நாவாந்துறைப் பக்கம் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளித்தால் மீன்பிடித் தொழில் இல்லை. உதவியாகக் கொடுக்கும் உலர் உணவுப் பொதிகளோ நத்தாரை ஒட்டி ஒரேயடியாக வருகின்றன. வெள்ளையரிசி, கோதுமை மா, சீனி: நீரிழிவுக்காரர் உள்ள வீட்டுக்கும் இதே பொதிதான். காஸ் முடிந்த வீட்டில் பருப்பை எதில் அவிப்பது? வரிசையில் நிற்க முடியாத கிழவிக்கு ஒன்றும் போய்ச் சேராது. படம் பிடிப்பார்கள் என்று வராமலே இருப்பவர்களும் உண்டு.

பங்குக் கோயில்களிடமும் வெளிநாட்டிலிருந்து காசு அனுப்பும் உறவுகளிடமும் கேட்பது இதுதான். ஒரு வட்டாரத்துக்கு ஒரே பெயர்ப்பட்டியல் வைத்து, அதைக் கொடுக்கிற எல்லாரும் பாவியுங்கள். இருவருக்கு நாலைந்து வீடு போதும், கிழமைக்கு ஒருமுறை, அதே ஆட்களே போகவேண்டும். முதல் தடவை வெறுங்கையோடு போய் அடுப்பு, மருந்து, அடைவு, கடன் எல்லாம் கேட்டறிந்துவிட்டுச் சாமான் வாங்குங்கள். தனியாக இருக்கும் முதியவருக்கு அரிசிக்குப் பதிலாகச் சமைத்த சாப்பாடு கொடுங்கள். காசு தந்தவருக்குக் கடைப் பற்றுச்சீட்டையும் வீடுகளின் எண்ணிக்கையையும் அனுப்புங்கள், முகங்களை அனுப்பவேண்டாம்.