காற்று சுத்தமானால் யாருக்கு லாபம்?

ஒரே அளவு, ஒரே வயது கொண்ட இரண்டு வீடுகள். ஒன்று புகை சூழ்ந்த பகுதியில், மற்றது நல்ல காற்று வரும் இடத்தில். இரண்டுக்கும் உள்ள விலை வித்தியாசத்தில் காற்றின் பங்கு எவ்வளவு? 1967-லேயே அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரை வைத்து ரிட்கர், ஹென்னிங் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள்.

கேட்க எளிதாக இருந்தாலும் கணக்கு எளிதில்லை. புகை இருக்கும் இடத்தில்தான் பெரும்பாலும் வேலையும் கடைத்தெருவும் இருக்கின்றன. புகை விலையை இறக்க, அவை ஏற்றிவிடுகின்றன. அதனால் பல ஆய்வுகளில் காற்றின் பங்கு அற்பமாகத் தெரிந்தது. கென்னத் சேயும் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் 2005-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு ஒரு வழி கண்டது. அமெரிக்காவின் 1970 தூய காற்றுச் சட்டம், காற்றில் தூசு வரம்பைத் தாண்டிய கவுன்டிகளில் (நம் மாவட்டம் போன்ற பகுதிகளில்) ஆலைகளைக் கூடுதலாக இறுக்கிப் பிடித்தது. அந்தக் கவுன்டிகளை மற்றவற்றோடு ஒப்பிட்டபோது, அந்தப் பத்தாண்டில் தூசு குறைந்ததால் மட்டும் வீடுகளின் மதிப்பு சுமார் 4,500 கோடி டாலர் கூடியதாகத் தெரிந்தது.

மாசுக் கட்டுப்பாடு வெறும் செலவு என்று சொல்பவர்களிடம் இந்த எண்ணை நான் தயங்காமல் காட்டுவேன். ஆனால் அந்தப் பணம் யார் கைக்குப் போனது? வீடு வைத்திருந்தவர்களுக்கு. வாடகைக்கு இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு நல்ல மூச்சு கிடைக்கும், சரி. அடுத்த ஒப்பந்தத்தில் அதற்கும் சேர்த்து வாடகை ஏறலாம். கட்ட முடியாதவர்கள் மறுபடியும் புகைப் பக்கமே போக வேண்டியதுதான்.

அப்புறம், சந்தை கவனிக்கவே செய்யாத நன்மையும் உண்டு. ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011-ல் வெளியிட்ட ஆய்வு என்னை மிகவும் பாதித்தது. நியூ ஜெர்சியிலும் பென்சில்வேனியாவிலும் சுங்கச்சாவடிகளில் வண்டி நிற்காமலே கட்டணம் செலுத்தும் வசதி வந்தது. வண்டிகள் நின்று கக்கும் புகை குறைந்தது. 2 கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம் குறைப்பிரசவம் சுமார் 11 சதவீதம் குறைந்தது. வீட்டு விலையோ உடனடியாக அசையவே இல்லை. அத்தனை குழந்தைகள் குறைப்பிரசவத்திலிருந்து தப்பியதற்கு வீட்டுச் சந்தையில் ஒரு தடயமும் இல்லை.

அதனால்தான் வீட்டு விலை உயர்வை மட்டும் காற்றின் மதிப்பு என்று எழுதிவைப்பதை நான் ஏற்கவில்லை. நகரத் திட்டங்களின் வரவு செலவுக் கணக்கில் பிறப்பு எடை, மருத்துவமனைச் சேர்க்கை, வாடகை ஏற்றம் மூன்றும் தனித்தனிப் பதிவுகளாக வர வேண்டும். வீட்டை வாடகைக்கு விடுகிறவர், ஒப்பந்தத்துக்கு முன்பே அந்தப் பகுதியின் ஓராண்டு நுண்துகள் அளவைக் காட்டவும் வேண்டும்.