செங்கல்லுக்கு வந்த கோபம் கட்டணத்துக்கு வரவில்லையே!

ப்ளேஸ்மென்ட் சீசன் வந்தால் போதும், "ஐஐஎம் மாணவருக்கு ஒரு கோடி சம்பளம்" என்று ஏதாவது ஒரு பத்திரிகை கொட்டை எழுத்தில் போட்டுவிடும். (ஐஐஎம் என்றால் மத்திய அரசு தொடங்கிய மேனேஜ்மென்ட் கல்வி நிறுவனங்கள்.) உடனே இங்கே இரண்டு கட்சி. ஒரு கட்சி அதைத் தன் பிள்ளைக்கு ஃபார்வர்ட் செய்யும். இன்னொரு கட்சி, "நம்ம வரிப்பணத்துல படிச்சிட்டு அமெரிக்கக் கம்பெனிக்குச் சோப்பு விக்கப் போறானுங்க" என்று திட்டும்.

எனக்கு இரண்டிலும் சேர மனமில்லை. வேலைக்குப் போகிற பிள்ளையைத் திட்டுவதற்கு முன்னால் அதன் கட்டண ரசீதைப் பார்க்க வேண்டும்.

அகமதாபாத் ஐஐஎம்-மையே எடுத்துக்கொள்வோம். 1961 டிசம்பரில் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர் விக்ரம் சாராபாய், அதே ராக்கெட் சாராபாய்தான். ஊர் மில் முதலாளிகளில் கஸ்தூர்பாய் லால்பாய் பக்கபலமாக நின்றார். மத்திய அரசும் குஜராத் அரசும் ஃபோர்டு ஃபவுண்டேஷனும் கை கொடுத்தன. நிஜக் கம்பெனிகளின் சிக்கலை ‘கேஸ்’ ஆக வைத்து விவாதித்துப் பாடம் நடத்தும் முறை ஹார்வர்டிலிருந்து வந்தது. ஆனால் நோக்கம் கம்பெனிக்கு ஆள் பிடிப்பது மட்டுமல்ல. விவசாயத்துக்கென்று தொடக்க காலத்திலேயே தனிக்குழு வைத்திருந்த பிசினஸ் ஸ்கூல் இது.

முதல் முழுநேர இயக்குநர் ரவி மத்தாய். நிதியமைச்சராக இருந்த ஜான் மத்தாயின் மகன், அமுல் குரியனுக்கு உறவு. 1965-ல் பொறுப்பேற்கும்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. 1972-ல், யாரும் போகச் சொல்லாமலே நாற்காலியை விட்டு இறங்கி, அதே வளாகத்தில் சாதாரணப் பேராசிரியராக உட்கார்ந்துகொண்டார். நம் ஊரில் சங்கத் தலைவர் பதவியையே சாகும்வரை விடமாட்டார்கள். அதைவிட எனக்குப் பிடித்தது அதற்கப்புறம் அவர் செய்தது. 1975 வாக்கில் ராஜஸ்தானில் ஜவாஜா என்ற வறண்ட வட்டாரத்துக்குப் போனார். தோல் வேலை செய்பவர்கள், நெசவாளர்கள். அவர்களோடு உட்கார்ந்து, தேசிய வடிவமைப்பு நிறுவனத்தையும் சேர்த்துக்கொண்டு, பையும் விரிப்பும் செய்து சந்தைக்குக் கொண்டுவரும் தொழிலை அவர்களே நிர்வகிக்க முடியுமா என்று பார்த்தார். மேனேஜ்மென்ட் நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் தோல் பைக்கு விலை போடக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். இந்தப் படிப்பு எதற்கு என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, இப்போது செங்கல்லுக்கு வருவோம்.

செங்கல்லால் ஆன அந்த வளாகத்தை வடிவமைத்தவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கான். அவரை அழைத்து வந்தவர் நம் ஊர்க் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி. விடுதிகளில் நீளமான நடைவழியே கிடையாது. ஒரு படிக்கட்டு, ஒரு டீ அறை, அதைச் சுற்றிப் பத்து அறைகள். தன் அறைக்குப் போகிறவன் இன்னொருவன் முகத்தில் விழித்தே ஆகவேண்டும், நின்று பேசியே ஆகவேண்டும் என்பது கணக்கு. 1974 மார்ச்சில் அகமதாபாத்திலிருந்து திரும்பும் வழியில் நியூயார்க் ரயில் நிலையத்தில் கான் இறந்துபோனார்.

2020 டிசம்பரில் அந்த 18 விடுதிகளில் 14-ஐ இடித்துப் புதிதாகக் கட்டப்போவதாக நிர்வாகம் சொன்னது. உலகமே கொதித்தது. கட்டடக் கலைஞர்கள், முன்னாள் மாணவர்கள், வெளிநாட்டுப் பத்திரிகைகள், ஆன்லைன் கையெழுத்து. புத்தாண்டு அன்றே நிர்வாகம் பின்வாங்கியது. (2022-ல் மறுபடி அதே பேச்சை எடுத்தார்கள். காரை பெயர்ந்து விழுகிறது, 2001 நிலநடுக்கத்தில் விட்ட விரிசல் என்று அவர்கள் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. அந்த அறையில் படுத்துத் தூங்குகிறவனைக் கேட்டால் வேறு மாதிரி சொல்லக்கூடும்.)

கட்டடத்துக்காகக் கோபப்பட்டது நியாயம்தான். ஆனால் அந்த அறைகளுக்குள் யார் வருகிறார்கள், என்ன சுமையோடு வெளியே போகிறார்கள் என்பது மாறிக்கொண்டே வந்தது. அதற்கு இந்தச் சத்தத்தில் பாதிகூட இல்லை.

2004-ல் முரளி மனோகர் ஜோஷி மத்தியக் கல்வித் துறை அமைச்சராக இருந்தபோது, ஆண்டுக்கு ஒன்றரை லட்சமாக இருந்த ஐஐஎம் கட்டணத்தை 30,000 ஆகக் குறைக்க உத்தரவு போட்டார். சுயாட்சி போச்சு என்று அகமதாபாத் எதிர்த்து நின்றது. படித்த நடுத்தர வர்க்கம் கை தட்டியது. அரசு பணத்தைக் காட்டி நிறுவனத்தைக் கைக்குள் போட்டுக்கொள்ளும் என்ற பயத்தில் உண்மை உண்டு, மறுக்கவில்லை. ஆட்சி மாறியதும் உத்தரவு காணாமல் போனது. 2008-ல் இரண்டு வருடத்துக்கு 11.5 லட்சம். சமீப ஆண்டுகளில் அது 25 லட்சத்தை ஒட்டி வந்துவிட்டது. தினசரிச் செலவுக்கு அரசிடம் மானியம் வாங்குவதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆக, "நம்ம வரிப்பணம்" என்று திட்டுகிறவர்களுக்கு விஷயம் பழையது. கட்டுகிறவன் பெரும்பாலும் கடன் வாங்கிக் கட்டுகிறான்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 லட்சம், எட்டரை சதவீத வட்டி, பத்து வருடம். மாதத் தவணை ஏறக்குறைய 31,000. இந்தத் தவணையோடு ஒரு கூட்டுறவு பால் சங்கத்திலோ, மாவட்ட அளவிலான அரசுத் திட்டத்திலோ எவன் போய்ச் சேருவான்? இன்டர்வியூவில் உட்காருவதற்கு முன்பே பேங்க் மேனேஜர் அவனுக்கு வேலையை முடிவு செய்துவிட்டார். வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு நிறுவனமே உதவித்தொகை கொடுக்கிறது, அதைச் சொல்லாமல் விட்டால் தப்பு. ஆனால் அது உள்ளே வருவதற்கான உதவி. வெளியே போகும்போது எந்தப் பக்கம் போகலாம் என்ற சுதந்திரம் வேறு.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். 1971-ல் தொடங்கிய முனைவர் படிப்பில் 2025 சேர்க்கையிலிருந்துதான் இடஒதுக்கீடு என்று கோர்ட்டில் வழக்கு வந்த பிறகு சொன்னார்கள். ஐம்பது வருடத்துக்கு மேல்! தமிழ்நாட்டில் உட்கார்ந்து இதைப் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

"கட்டணத்தைக் குறை" என்று கோஷம் போட்டால் நடக்காது என்று எனக்கும் தெரியும். வேறு வழி இருக்கிறது. ஸ்டான்ஃபோர்டு பிசினஸ் ஸ்கூலில், லாப நோக்கமில்லாத வேலைக்கும் அரசு வேலைக்கும் போகிறவர்களின் கல்விக் கடனில் ஒரு பகுதியை ஸ்கூலே அடைக்கும் திட்டம் பல வருடமாக இருக்கிறது. அகமதாபாத்துக்கு இது எட்டாத காரியமா? 2020-ல் முன்னாள் மாணவர்கள் பத்துப் பேர் சேர்ந்து 100 கோடிக்கு உறுதி கொடுத்து ஒரு நிதியம் தொடங்கினார்கள். அந்த அளவு பணம் ஆறு சதவீதம் ஈட்டினாலே ஆண்டுக்கு 6 கோடி. 24 பேரின் முழுக் கட்டணம். ஒரு பேட்ச்சில் 400 பேர் வரை படிக்கும் இடத்தில், இரண்டு டஜன் பேர் கடனில்லாமல் ஜவாஜா மாதிரி ஊருக்குப் போக முடியும். மிச்சப் பேர் தாராளமாகச் சோப்பு விற்கட்டும், எனக்கு ஆட்சேபணை இல்லை.