மஞ்சள் பாதம் மட்டும் போதாது

“கறுத்த காலும் மஞ்சள் பாதமும் இருந்தால், எந்த நாட்டில் பார்த்தாலும் அது சின்னக் கொக்குதான்” என்று ஒரு படத்தோடு பகிர்ந்து வருகிறார்கள். இது தவறு. அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ஸ்நோயி எக்ரெட் என்ற வெள்ளைக் கொக்குக்கும் அதே கறுத்த கால், அதே மஞ்சள் பாதம்.

இரண்டும் அட்லாண்டிக்கைத் தாண்டியிருக்கின்றன. சின்னக் கொக்கு 1994 முதல் அமெரிக்கப் பக்கத்துத் தீவான பார்படோஸில் கூடு கட்டுகிறது. ஸ்நோயி எக்ரெட் ஒன்று 2001இல் ஸ்காட்லாந்தில் தென்பட்டது. ஆகவே பார்த்த இடத்தை வைத்தும் முடிவுகட்ட முடியாது.

முகத்தைப் பாருங்கள். அலகின் அடிக்கும் கண்ணுக்கும் நடுவே இறகில்லாத தோல் ஒரு சிறு பட்டையாகத் தெரியும். ஸ்நோயி எக்ரெட்டில் அது பளிச்சென்ற மஞ்சள். சின்னக் கொக்கில் பெரும்பாலும் மங்கிய சாம்பல். இனப்பெருக்கக் காலத்தில் கொஞ்ச நாளைக்கு இரண்டிலுமே அது சிவந்துவிடும், அப்போது நிறத்தை நம்பாதீர்கள், பிடரியைப் பாருங்கள். சின்னக் கொக்குக்கு நாடா போல இரண்டு நீள இறகுகள் தொங்கும். மற்றதற்குக் கலைந்த கொண்டை மாதிரி பல இறகுகள்.

இன்னொன்று: ஆஸ்திரேலியப் பக்கத்துச் சின்னக் கொக்குக்கு அந்த முகத்தோலே மஞ்சள்தான், பாதமோ கறுப்பு. ஒரே அடையாளத்தை வைத்துப் பெயர் சூட்டிப் பகிராதீர்கள், தயவுசெய்து.