துப்பார்க்குத் துப்பாய குறள் வெறும் சொல் விளையாட்டா?
மழையைப் பற்றிய 12ஆவது திருக்குறளை வெறும் சொல் விளையாட்டு என்று ஒரே வரியில் தள்ளிவிட்டது நான் படித்த ஒரு கட்டுரை, ஏற்க முடியவில்லை. ‘துப்பார்க்குத் துப்பாய துப்பாக்கித் துப்பார்க்குத் / துப்பாய தூஉம் மழை’ என்பதை அலகிட்டு, அதாவது அசை அசையாகப் பிரித்துப் பாருங்கள், முதல் 5 சீரும் தேமாங்காய் (மூன்று நேரசை), ஐந்தும் ‘துப்’ என்றே தொடங்குகின்றன, எதுகை மோனை ஓசை எல்லாம் சேர்ந்து அடித்துப் பெய்கிற மாதிரி இருக்கிறது. ஆறாவது சீரில்தான் வேகம் குறைகிறது. அங்கே ‘தும்’ என்று மட்டும் நின்றால் ஓரசைச் சீர், ஈற்றுச் சீரைத் தவிர வேறெங்கும் குறளின் யாப்பான வெண்பா அதை விடாது, அதனால்தான் ‘தூஉம்’ என்று ஓசையை நீட்டும் அளபெடை (பள்ளியில் மனப்பாடம் செய்யச் சொன்னார்கள், காரணம் சொன்னால்தானே!). அப்புறம் மழை என்ற சொல் கடைசியில், மலர் வாய்பாட்டில் (ஒரே நிரையசையாக) வருகிறது. உண்பவர்க்கு உணவை விளைவித்து, தானே குடிநீராகி உணவாவதும் எது என்று அதுவரை சொல்லவே இல்லையே, அது எப்படி வெறும் விளையாட்டாகும்?